வெறுமையாய்ப் போன பீங்கான்

நன்றி சொல்லப் பழகுங்கள் என்று இப்போதெல்லாம் கைபேசிக்குள் இருந்து ஒரு பெண் தினமும் காலையில் எனக்குப் புத்தி சொல்கிறாள். கண்ணை மூடிக்கொண்டு நன்றிக்குரிய மூன்று விஷயங்களை நினைத்தால் போதுமாம். கொடுத்துவைத்தவள். எங்கள் வீட்டில் நன்றி என்பது சுடச்சுடப் படியேறி இறங்கிய ஒன்று. அதைச் சுமந்தவள் நான்.

இத்தாலியின் சிசிலித் தீவில், பலெர்மோ நகரத்தில், பல்லரோ சந்தைக்குப் பின்னால், லிஃப்ட் இல்லாத ஒரு பழைய கட்டடத்தின் நாலாம் மாடியில் குடியிருந்தோம். அப்பாவுக்குக் கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகாவல்லோவில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் வேலை. அம்மா லிபெர்த்தாத் தெருவில் ஒரு வசதியான வீட்டில், படுக்கையில் கிடந்த கிழவியைப் பராமரித்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, எங்களோடு தங்கி வேலை தேடிக்கொண்டிருந்தார். அது கிடைத்துவிடக் கூடாதே என்றும் இடைக்கிடை மன்றாடியிருப்பார் என்று நினைக்கிறேன்.

முதலாம் மாடியில் ஒரு வயதான இத்தாலியப் பெண்மணி தனியாக இருந்தார்; எங்களுக்கு அவர் 'சிஞ்ஞோரா'. எனக்குத் தம்பி பிறந்த அன்று அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடியபோது என்னை நாள் முழுக்க வைத்துப் பார்த்தவர் அவர்தான். அம்மா வீடு திரும்பியதும், நீலக்கரை போட்ட ஆழமான பீங்கான் ஒன்று நிறையப் பாஸ்தா அனுப்பினார். அங்கேதான் வினை தொடங்கியது.

சாப்பாடு வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுப்பது எங்கள் ஆட்களிடம் இல்லாத பழக்கம். அம்மா அந்தப் பீங்கானைக் கழுவி, பொரித்த மீன் றோல்ஸ் அடுக்கி அனுப்பினார். சில நாளில் அதே பீங்கான் கத்தரிக்காய்க் கூட்டோடு மேலே வந்தது. அம்மா கட்லட் வைத்தார். அரஞ்சினா என்ற பொரித்த சோற்றுருண்டைகள் வந்தன. ரவை லட்டு போனது, எலுமிச்சைக் கேக் வந்தது. தம்பி குப்புறப் புரண்டு, தவழ்ந்து, எழுந்து நடக்கவும் தொடங்கிவிட்டான். பீங்கான் மட்டும் ஓரிடத்தில் இருக்கவில்லை.

"அவைக்கு எங்கடை முறையள் தெரியாது. அவ மனசாரத் தாறா. நாங்கள்தான் முறையா நடக்கவேணும்" என்பார் அம்மா. "பிள்ளையைப் பாத்த மனிசி. அதை மறந்தால் நாங்கள் மனிசரே?"

இரண்டு நாட்டுச் சமையலையும் உட்கார்ந்த இடத்தில் சாப்பிட்ட மாமாவுக்கு இதில் எந்த முறைப்பாடும் இல்லை. நட்டம் முழுக்க எனக்குத்தான். கையில் பீங்கான் இருந்தால் படியில் குதிக்க முடியாது. கைபிடியில் சறுக்க முடியாது. கீழே போனால் கன்னத்தைக் கிள்ளக் கொடுக்க வேண்டும். அம்மாவின் 'கிராத்சியே' என்ற இத்தாலிய நன்றியைக் கீழே இறக்கிவிட்டு, சிஞ்ஞோராவின் 'கிராத்சியே'யை மேலே ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

அந்த மாரிகாலத்தில் லிபெர்த்தாக் கிழவிக்கு வருத்தம் கூடிவிட்டது. அம்மா இருட்டிய பிறகுதான் வீடு வருவார், கால்கள் வீங்கியிருக்கும். ஒருநாள் இரவு சிஞ்ஞோராவுக்குக் கட்லட் பொரித்தபடி அடுப்படியில் நின்றே கண்ணயர்ந்துவிட்டார். புகை மண்டியது. மாமா பாய்ந்து அடுப்பை அணைப்பதற்குள் எண்ணெய் தெறித்து அம்மாவின் மணிக்கட்டு வெந்துவிட்டது. கட்லட் எல்லாம் கரி.

மாமா வாழ்க்கையில் முதல்தடவையாக வயிற்றை மறந்து பேசினார்.

"அக்கா, ஒருக்கா வெறுமையாக் குடுத்துப் பாருங்கோ. உலகம் அழியாது. அவவும் விட்டிடுவா, நீங்களும் படுத்து எழும்பலாம்."

"அவ என்ன நினைப்பா?"

"வெள்ளைக்காரர் இதையெல்லாம் கவனிக்கமாட்டினம்."

மறுநாள் ஞாயிறு. அம்மா பீங்கானை இரண்டுதரம் கழுவித் துடைத்தார். படியில் எதிர்ப்படுகிறவர்கள் யாரும் அது வெறுமை என்று கண்டுவிடக் கூடாது என்று, ஒரு வெள்ளைத் துணியால் சுற்றிக் கட்டினார்.

"குடுத்துப்போட்டு, கிராத்சியே சொல்லிப்போட்டு, நிக்காமல் ஓடி வா" என்றார்.

எனக்கு ஒரே சந்தோசம். இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். சிஞ்ஞோரா துணியை அவிழ்த்து உள்ளே பார்த்தார். துணியை உதறிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "அம்மாவுக்கு என்ன?" என்று இத்தாலியனில் கேட்டார். நிற்கக் கூடாது என்பது உத்தரவல்லவா? கிராத்சியே என்று கத்திவிட்டு ஓடி வந்துவிட்டேன்.

எனக்குப் பின்னால் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. முழங்கால் வருத்தத்தால் அந்த மனுசி தன் வீட்டுக்கு மேலே ஒருநாளும் ஏறி வந்ததில்லை. அன்றைக்கு ஒவ்வொரு மாடியிலும் ஒரு புனிதரைக் கூப்பிட்டுக்கொண்டு நாலாம் மாடிக்கு வந்து சேர்ந்தார். மார்பில் கை, ஏப்ரனில் மா. மூச்சு வந்ததும் அம்மாவிடம் சொன்னார்: தங்கள் ஆட்களில் சாப்பாட்டுப் பாத்திரம் ஒருபோதும் வெறுமையாகத் திரும்பி வராதாம். வந்தால் அந்த வீட்டில் ஏதோ கெட்டது நடந்திருக்குமாம்.

அம்மா மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா பல்கனிக்குப் போய்விட்டிருந்தார்.

உண்மையைச் சொல்ல அம்மாவுக்கு வெட்கம். தலையிடி என்று முனகினார். சின்னப் பொய்க்கே எனக்கு அடி விழும். நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

சிஞ்ஞோரா அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். வெந்த மணிக்கட்டைக் கண்டு உச்சுக்கொட்டினார். கையைப் பிடித்துக் கூட்டிப்போய்க் கட்டிலில் படுக்கவைத்து, கழுத்துவரை போர்த்திவிட்டார். பலெர்மோவுக்கு வந்த நாளில் இருந்து மற்றவர்களைப் படுக்கவைத்துப் போர்த்திவிடுவதுதான் அம்மாவின் வேலை. அன்றைக்கு ஒரு சொல் மறுக்காமல் படுத்துக்கிடந்தார். சிஞ்ஞோரா எங்கள் தொட்டியில் கிடந்த பாத்திரங்களைக் கழுவி, பல்கனியில் நின்ற மாமாவைச் சிசிலி மொழியில் நாலு ஏச்சு ஏசிவிட்டு இறங்கிப் போனார்.

கொஞ்ச நேரத்தில் கீழே இருந்து என் பெயர் கேட்டது. போனேன். அதே நீலக்கரைப் பீங்கான், விளிம்புவரை கோழிச் சூப். சிந்தாமல் ஒவ்வொரு படியாக ஏறினேன். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு பாடுபட்டும் சனியன் திரும்பி வந்துவிட்டது. நாளைக்கு அம்மா இன்னொன்று சமைக்க வேண்டும், நான் இன்னொருதரம் இறங்க வேண்டும்.

அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்து ஒரு கரண்டி குடித்தார். இன்னொரு கரண்டி குடித்தார். கண்ணீர் பொலபொலவென்று வழிந்தது. துடைக்கவும் இல்லை, குடிப்பதை நிறுத்தவும் இல்லை.

காரணம் எனக்கு உடனே விளங்கிவிட்டது. படியேறும்போது நானும் ஒரு வாய் குடித்துப் பார்த்திருந்தேனே. பாவம் அம்மா. குசினிக்கு ஓடிப்போய் மிளகுத்தூள் போத்தலை எடுத்துவந்து நீட்டினேன்.

"அம்மா, கொஞ்சம் உறைப்புப் போடட்டே?"