கரும்பு ஜூஸ் இன்ஜினுக்குக் கெட்டி ஸ்பிரிங்

சின்ன இன்ஜின் ரிப்பேர்ல பெரிய கஷ்டம், வர்றவங்க அவசரம்தான். "வால்வு ஸ்பிரிங்கைக் கெட்டியாப் போட்டா, வால்வைத் தள்ளித் திறக்கற கேம்தான் அந்தப் பாரத்தைச் சுமக்கணும். ரெண்டையும் சேர்த்து மாத்தணும்"னு 1989-ல, கடை வச்ச புதுசுல, என் வீட்டுக்காரர் எனக்குச் சொன்னார். கடை வச்சுப் பட்டவங்களுக்கு மீதி புரியும்.

பௌர்ணமிக்கு முந்தின நாள்

கிரிவலப் பாதையில கரும்பு ஜூஸ் போடுற முனுசாமி, இன்ஜினைத் தள்ளுவண்டியோட கொண்டுவந்தார். கூட்டத்துக்கு ஈடுகட்ட வேகத்தைக் கூட்டினா திக்குது. வேகம் ஜாஸ்தியானதும், பழைய ஸ்பிரிங்கால வால்வை நேரத்துக்கு மூட முடியல. பழைய இரும்புக் கடையில தேடின கெட்டி ஸ்பிரிங் அவர் கையிலேயே இருந்தது.

"போடலாம். ஆனா கேமும் தேஞ்சிருக்கு. புதுசு மெட்ராஸ்லேர்ந்து வரணும், ஒரு வாரம் விட்டுட்டுப் போ"ன்னார் இவர்.

"பௌர்ணமிக்கு வர்ற ஜனம் ஒரு வாரம் நிக்குமாண்ணே?"

எலுமிச்சம்பழம்

பொண்ணை நர்ஸ் படிப்புல சேர்க்கணும், அதுக்கு இந்த வியாபாரம்தான்னு அவர் சொன்னதும் இவர் மனசு இளகிட்டார். பௌர்ணமி முடிஞ்சதும் கேம் மாத்தணும்னு சொல்லித்தான் ஸ்பிரிங்கை மாட்டினார். நான் வண்டிச் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வச்சு, அண்ணாமலையானைக் கும்பிட்டேன். இன்ஜின் திக்காம, கணீர்னு பிடிச்சுது. முனுசாமிக்கு வாயெல்லாம் பல்லு.

"அக்கா, அண்ணன்தான் பயப்படறாரு. இன்ஜினுக்குப் பயமே இல்ல, பாருங்க!"

கேம் வந்த பிறகு

சொன்ன மாதிரி கேம் வந்துது. முனுசாமிதான் வரல. இந்தப் பௌர்ணமி, அடுத்த பௌர்ணமின்னு தள்ளிக்கிட்டே போனார். பூஜைக்குப் போற வழியில ரெண்டு தடவை நானே நின்னு சொன்னேன். ஒரு டம்ளர் ஜூஸைக் கையில குடுத்துட்டுச் சிரிச்சார்.

"ஓடுற இன்ஜினை யாராவது பிரிப்பாங்களாக்கா?"

தீபத்தன்னைக்கு

கார்த்திகை தீபத்துக்கு முனுசாமி வண்டி நிறையக் கரும்பு இறக்கியிருந்தார். மத்தியானம், நல்ல கூட்டத்துல இன்ஜின் நின்னுபோச்சு. இவர் சாமானோட ஓடினார், பின்னாடியே நானும் போனேன். பிரிச்சா, கேமோட மேடு கரைஞ்ச சோப்பு மாதிரி வழவழன்னு இருந்தது. வால்வு திறக்கவே இல்ல. கடையில இருந்த கேமை எடுத்து வந்து, எல்லாத்தையும் பிரிச்சு மாட்டறதுக்குள்ள தீபம் ஏத்திட்டாங்க. எல்லாரும் மலையைப் பார்த்துக் கைகூப்பினாங்க. முனுசாமி சம்சாரம் ஜெயா மட்டும் வெயில்ல சுருங்கின கரும்பையே பார்த்துக்கிட்டு இவர்கிட்ட சொன்னா:

"கரும்பு இருக்கு, ஜனம் இருக்கு. இன்னிக்குப் பார்த்து இன்ஜின் இல்லையேண்ணே."

ஜவுளிக் கடையில

சில வருஷம் கழிச்சு, என் பையன் கல்யாணத்துக்குப் புடவை எடுக்கப் போனேன். விரிச்சுக் காட்டின பொண்ணு முனுசாமி மக. நர்ஸ் படிப்பைப் பத்திக் கேக்காம, நான் புடவை விலையைக் கேட்டேன். அவளே புடவையை மடிச்சுக்கிட்டே சொன்னா:

"இன்ஜின் இப்ப நல்லா ஓடுதுங்கம்மா. அப்பாதான் மெதுவா ஓட்டறாரு."

கெட்டி ஸ்பிரிங் எந்தக் கடையிலயும் கிடைக்குது, ஒரு வாரம் பொறுக்கறதுதான் எங்கயும் ஸ்டாக் இல்ல. அதனால உங்க மெக்கானிக் வண்டியை விட்டுட்டுப் போகச் சொன்னா, விட்டுட்டுப் போங்க.