அக்கா எதற்குச் சிரிக்கிறாள்?

என் அக்கா புருஷனுக்குத் தொழிற்சாலை கேட்டில் வேலை. ஷிப்ட் முடிந்து வெளியே வருகிறவர்களின் பைகளைச் சோதிப்பார். கைபேசிக்கு உதிரிபாகம் செய்கிற இடம். நகத்தளவு சாமான்கூட வெளியே போய்விடக் கூடாது. பையைத் திறக்கச் சொல்வார், குச்சியால் ஒரு புரட்டு, ஒரு பார்வை, "போ." ஒரு பைக்கு ஐந்து விநாடி. பத்தொன்பது வருடமாக இதேதான். அங்கே அவருக்கு ஸ்கேனர் என்று பட்டப்பெயர். அதை வைத்தது யார் என்று இரண்டு மாதம் விசாரித்தார்.

வேலையை கேட்டோடு விட்டுவிட்டு வருகிற மனிதராக இருந்தால் நான் ஏன் இதை எழுதப்போகிறேன்? வீட்டிலும் அதே கண்தான். காய்கறிப் பையைக் கவிழ்த்துப் பார்ப்பார். அக்கா பத்து நிமிடம் தாமதமாக வந்தால் பஸ் டிக்கெட்டில் மணி பார்ப்பார். எதிர்வீட்டுக்காரர் சௌக்கியமா என்று கேட்டால், "இவன் ஏன் கேக்கறான்?" என்பார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். இவருக்குப் பட்டப்பகலிலும் பேய்தான்.

அவர்கள் வீட்டு மாடியறையில் குடியிருக்கும் எனக்கும் சொந்த மச்சினிச்சி என்கிற சலுகை கிடையாது. என் பையையும் பார்ப்பார். நான் கத்திவிடுவேன். அக்கா கத்த மாட்டாள். கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்வாள். அவள் அப்படி இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த அக்கா திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். துணி மடிக்கும்போது, அடுப்பின் முன் நிற்கும்போது, தானாகவே. அத்தானுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

"உங்கக்கா எதுக்கு சிரிக்கறா?" என்று என்னிடம் வந்தார்.

"சந்தோஷமா இருக்கும் அத்தான்."

"அதான், எதுக்கு?"

அந்த வீட்டில் சந்தோஷத்துக்கும் ரசீது காட்ட வேண்டும்.

காரணம் எனக்குத் தெரியும். அக்கா வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஒரு பெண் இரவல் கொடுத்த ஜப்பானியப் படக்கதைகள், நம் மொழியில் போட்டவை. ஒரு காவலாளி படியில் வழுக்கி விழுந்து செத்துப்போகிறான். கண்ணை விழித்தால் வேறு உலகம். டிராகன், சூனியக்காரி, பேசுகிற கழுதை எல்லாம் இருக்கிற அந்த உலகத்திலும் பாவி மனுஷனுக்குக் கிடைப்பது கேட் வேலைதான், அரக்க ராஜாவின் கோட்டையில். ராஜாவைக் கொல்ல வரும் மாவீரனிடம், "வாளை இங்க வச்சுட்டு டோக்கன் வாங்கிக்கோ" என்பான். டிராகனை வாயைத் திறக்கச் சொல்லி உள்ளே டார்ச் அடிப்பான். முதல் பாகம் படித்துச் சிரித்ததில் எனக்கு விக்கலே வந்துவிட்டது.

நான்கு பாகங்களையும் அக்கா தலையணை உறைக்குள் ஒளித்து வைத்திருந்தாள். ஸ்கேனரிடம் போய்த் தலையணை உறையா!

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு முடிந்ததும் அத்தான் என்னைக் கீழே கூப்பிட்டார். பிடிபட்ட சாமான் மாதிரி நான்கு புத்தகங்களும் மேஜைமேல் வரிசையாக இருந்தன. அக்கா சுவரோரம் நின்றிருந்தாள்.

"நீயும் இதுல கூட்டுதானே?" என்றார் என்னைப் பார்த்து. "கேட்ல நிக்கிறான், பையைத் தொறக்கச் சொல்றான். என்னை வச்சுக் கேலி பண்றீங்க. சரி, அது போகட்டும். இதைப் பாரு."

முதல் பாகத்தை எடுத்து, எந்தப் புத்தகத்தையும் பிரிக்கிறாற்போல் பிரித்தார்.

"அவனைச் சுத்தி எத்தனை பேரு உக்காந்து சாப்பிடறாங்க? அந்த சூனியக்காரி தோள்ல சாஞ்சிருக்கா. அடுத்ததைப் பாரு, டிராகன் இல்ல. இங்க கழுதையும் இல்ல. இங்க அவ மூட்டையோட கேட்ல நிக்கிறா, அதுக்கப்புறம் அவளும் இல்ல. கடைசியில ஒத்தையா நிக்கிறான், நாதியில்லாம." அந்தப் பக்கத்தில் விரலை வைத்தார். "ஒரு ஆளை விட்டுட்டு எப்படிப் போறதுன்னு உங்கக்கா பாடம் படிக்கிறா. அதுல சிரிப்பு வேற."

கத்துவதற்குத் தயாராகத்தான் இறங்கி வந்திருந்தேன். அவர் விரல் வைத்த பக்கத்தைக் குனிந்து பார்த்தேன்.

அக்கா வந்து புத்தகத்தை வாங்கித் திருப்பி வைத்தாள். "இது ஜப்பான் புத்தகங்க. நம்ம மொழியில போட்டாலும் பின்னட்டைப் பக்கமிருந்துதான் படிக்கணும். முதல்ல அவன் ஒத்தையா நிக்கிறான். அப்புறம்தான் ஒவ்வொருத்தரா வந்து சேர்றாங்க."

நாலு வரி படித்திருந்தால் தெரிந்திருக்கும். பக்கத்துக்கு ஐந்து விநாடி என்று படத்தை மட்டும் புரட்டியிருக்கிறார். நான் சிரித்துவிட்டேன். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அத்தான் அந்தப் பக்கமிருந்து மெதுவாகப் புரட்டினார். டிராகன் வந்தது, கழுதை வந்தது. "இதுல உனக்கு என்ன அப்படிப் பிடிச்சிருக்கு?" என்றார்.

"அவனும் எல்லாரையும் சந்தேகப்படறான். ஆனா அங்க யாரும் அவனுக்குப் பயப்படறதில்ல, சிரிக்கறாங்க. கொஞ்ச நேரத்துல அவனும் சேர்ந்து சிரிச்சுடறான்."

அவர் புத்தகத்தை மூடி வைத்தார். "அப்ப, போகணும்னு நீ நினைச்சதே இல்லல்ல?"

இல்லையென்று சொல்லித் தொலை என்று நான் கண்ணைக் காட்டினேன். அக்கா என்னைப் பார்க்கவே இல்லை.

"நினைச்சேன். போன வருஷம் துணிமணியெல்லாம் எடுத்து வச்சேன்."

"எங்க?"

"கட்டிலுக்கு அடியில, நீலப் பையில. அஞ்சு மாசம் அங்கயேதான் இருந்துச்சு."

அத்தானின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. "இப்பவும் இருக்கா?"

"போய்ப் பாருங்க."

எழுந்தார். உள்ளறை வாசல்வரை போனார். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டார். "வேணாம். நீயே சொல்லு."

"இல்ல. துணியையெல்லாம் எடுத்து அலமாரியில வச்சுட்டேன்."

அவர் தலையாட்டினார். பத்தொன்பது வருடத்தில் அவர் பார்க்காமல் விட்ட முதல் பை அதுவாகத்தான் இருக்கும்.

சாயங்காலம் இருவரும் கடைக்குப் போனார்கள். நான் கீழே இறங்கி வந்தேன். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தேன். நீலப் பை இருந்தது, காலியாக. அக்கா பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவள் போய்விட்டால் எனக்கு யார் இருக்கிறார்கள்? பையை எடுத்துக்கொண்டுபோய் என் அறையில் வைத்துப் பூட்டிவிட்டேன்.