உயிரோடு இருந்தவருக்குப் போட்ட அறிவித்தல்

இணையப் பக்கம் வடிவமைக்கப் பழகத் தொடங்கிய ஆறாவது கிழமை, உயிரோடு இருக்கிற என் அப்பாவுக்கு நான் மரண அறிவித்தல் போட்டுவிட்டேன். இதைக் கேட்டுச் சிரிக்கிற சனம் உண்டு. சிரிக்கட்டும்.

முப்பத்தாறு வயதில், புளியங்கூடலில் அம்மா அப்பாவோடு இருந்துகொண்டு, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய ஒரு வேலை வேண்டும் என்றுதான் அந்த வகுப்பில் சேர்ந்தேன். வகுப்பு முழுக்கக் கணினித் திரையில்தான். படிப்பித்தவ என்னைவிட இளையவ, வாய் கொஞ்சம் கூட. முதல் நாளே சொன்னா: "சனம் பக்கத்தை வாசிக்காது, பார்க்கும். மூண்டு செக்கனிலை என்னெண்டு விளங்கவேணும். விளங்காட்டி நீங்கள் வடிவமைக்கேல்லை, அலங்கரிச்சிருக்கிறியள்."

எனக்கோ அலங்காரம்தான் தெரியும். பூவும் கரையும் மினுங்குகிற எழுத்துமாக நான் செய்துவைத்ததை எல்லாம் அவ ஒவ்வொன்றாகக் கழற்றுவித்தா. ஓரத்தில் வெறுமையாக இடம் விடப் பழகினேன். முக்கியமானதைப் பெரிதாக மேலே வைக்கப் பழகினேன். வெளிறிய சாம்பல் எழுத்து வெயிலுக்குள் போனில் தெரியாது என்று முற்றத்தில் நின்று பார்த்துப் படித்தேன். ஆங்கிலத்துக்கு விடுகிற இடைவெளியைத் தமிழுக்கு விட்டால் மேல்வரியில் இருக்கிற 'கு'வின் வால் கீழ்வரியில் இருக்கிற 'கி'யின் தலையில் இடிக்கும். அதைக் கண்டுபிடித்த நாள் எனக்குப் பெரிய பெருமை.

ஆறாவது கிழமை வீட்டுவேலை இதுதான்: உங்கள் ஊர்ச் சனம் தினமும் திறக்கிற பக்கம் ஒன்றை எடுத்துத் திருத்தமாகத் திரும்பச் செய்யுங்கள். மற்றவர்கள் பேக்கரி, ஹோட்டல் என்று செய்தார்கள். எங்கள் ஊரில் காலைத் தேத்தண்ணியோடு சனம் திறப்பது மரண அறிவித்தல்தான். பாதிப்பேர் வெளிநாட்டில் இருக்கிற ஊரில் வேறு எதைத் திறப்பது? அந்தப் பக்கங்களில் விளம்பரமும் எரிகிற மெழுகுதிரியுமாக ஒரே குழப்பம். நான் வெள்ளையில், அமைதியாக, படமும் பேரும் திகதியும் மட்டும் மேலே நிற்க ஒன்று செய்தேன்.

படம் ஒன்று வேண்டியிருந்தது. செத்தவர் யாருடையதையும் எடுத்துப் பழக மனம் வரவில்லை. அப்பா அடையாள அட்டைக்கு எடுத்த படம் லப்டொப்பில் கிடந்தது. கேட்டேன். "போடு பிள்ளை, செத்தாப்பிறகு நான் பாக்கவே போறன்? இப்பவே பாத்துவைப்பம்" என்றார். அம்மாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் லப்டொப்பே கிணற்றுக்குள் போயிருக்கும். அந்தக் கிழமைதான் திகதி தானாக விழுகிற மாதிரிச் செய்யவும் பழகியிருந்தேன். யார் எப்போது திறந்தாலும் இறந்த திகதி அன்றைய திகதியாகவே இருக்கும். கீழ்ப்பகுதி உறவுமுறைகள்; அன்பு மனைவி, மகள் என்று தலைப்பு மட்டும் போட்டிருந்தேன், பேர்களை இன்னும் நிரப்பவில்லை.

வெள்ளிக்கிழமை காலை இணைப்பை வகுப்புக் குழுவுக்கு அனுப்பினேன். அனுப்பினேன் என்றுதான் நினைத்தேன். வட்ஸ்அப்பில் அதற்கு அடுத்ததாக இருந்த ஊர்ச் சங்கத்தின் குழுவுக்குப் போயிருந்தது. கும்பிட்ட கை ஒன்று வந்தது. பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தேத்தண்ணி ஊற்றப் போனேன், மடச்சி. திரும்பி வந்து பார்த்தால் கும்பிட்ட கைகள் வரிசையாக நின்றன. "ஆழ்ந்த அனுதாபங்கள்." "நேற்றும் சந்தியில் கண்டனே." "பிரேதம் எத்தனை மணிக்கு எடுப்பினம்?"

அப்பா பின்வளவில் மாட்டுக்கு வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தார். அவரைப் பற்றி எனக்குப் பயமில்லை. அம்மா விடியவே படகேறி நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் போயிருந்தா. போன வருடம் நெஞ்சுவருத்தம் வந்து ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தவ. எந்தத் துக்கச் செய்தியையும் சட்டென்று சொல்லிப்போடாதேங்கோ என்று டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னவர். இதை யாராவது அம்மாவுக்கு அனுப்பினால் அவ அந்த இடத்திலேயே போய்விடுவா. என் தலைக்குள் வேறு ஒன்றும் ஓடவில்லை.

அழைத்தேன். மணி அடித்தது, அம்மா எடுக்கவில்லை. திரும்பத் திரும்ப அழைத்தும் எடுக்கவில்லை. கோயிலில் சத்தத்தைக் குறைத்துப் பைக்குள் வைத்திருப்பா என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அப்பாவின் போனிலிருந்தும் அழைத்தேன். அதற்கும் பதில் இல்லை. குழுவில் போட்டதை அழித்தேன். இணையப் பக்கத்தில் இருந்த எல்லாவற்றையும் தூக்கிவிட்டு, 'அப்பா உயிரோடு இருக்கிறார். இது என் பிழை' என்று சிவப்பில், திரை நிறைய எழுதினேன். ஆனால் சனம் அதற்குள் திரையைப் படம் பிடித்துப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தது. பக்கம் நன்றாக வந்திருந்தது. அதுதான் வினை. மூன்று செக்கனில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது.

அம்மாவுக்கு முன்னால் அப்பாவை உயிரோடு கொண்டுபோய் நிறுத்துவதுதான் ஒரே வழி என்று பட்டது. சாரமும் பழைய சேட்டுமாக நின்ற மனிசனை அப்படியே ஸ்கூட்டியில் ஏற்றினேன். வேலணைச் சந்தியில் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைக் கண்டதும் காலை ஊன்றி நின்று வாயைப் பிளந்தார். அப்பா அவருக்குக் கையைக் காட்டினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலுக்குக் குறுக்கே போகிற புங்குடுதீவுத் தாம்போதியில் காற்று ஸ்கூட்டியை ஒரு பக்கம் தள்ளியது. நான் வேகத்தைக் குறைக்கவில்லை.

"செத்தவனை ஏத்திக்கொண்டு இந்த ஓட்டம் ஓடாதை பிள்ளை, உண்மையாப் போயிடும்" என்றார் அப்பா.

"வாயை மூடுங்கோ அப்பா" என்று கத்தினேன். வாழ்க்கையில் அதற்கு முதல் அவரிடம் நான் அப்படிச் சொன்னதில்லை. கொஞ்சத் தூரம் போனபிறகு, "அம்மா மருந்து கொண்டுபோனவவே?" என்று கேட்டார். அவரும் அம்மாவைத்தான் நினைத்துக்கொண்டு வந்திருக்கிறார்.

குறிகட்டுவான் துறையில் நயினாதீவுப் படகு அப்போதுதான் அணைந்தது. கோயிலுக்குப் போய் வந்த சனம் சிரித்துக் கதைத்துக்கொண்டு இறங்கியது. கடைசியாக அம்மா. இரண்டு பெண்கள் இரண்டு கையிலும் பிடித்து இறக்கினார்கள். அவ முகத்தைக் கண்டதும் எனக்கு விளங்கிவிட்டது. நான் பிந்திவிட்டேன்.

அப்பா முன்னால் போய் நின்றார். "இஞ்சாரும், நான்தான்" என்றார். அம்மா அவரைப் பார்த்தா. அவருடைய சேட்டைப் பிடித்து, ஒரு பொத்தானைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டு நின்றா. பிறகு அப்படியே சீமெந்துத் திட்டில் குந்திவிட்டா. நான் தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன். அரைப் போத்தல் குடித்த பிறகுதான் அவவுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"பிரான்சிலயிருந்து மாமி போன் எடுத்து அழுதவ. பிறகு உந்த அறிவித்தலை அனுப்பினவ. கண்ணாடி கொண்டுபோகேல்லை, இந்தப் பிள்ளையிட்டைக் குடுத்து வாசிப்பிச்சனான்" என்று பக்கத்தில் நின்ற பெண்ணைக் காட்டினா. "கடைசிமட்டும் வாசி எண்டனான். அன்பு மனைவி எண்ட இடத்திலை ஒண்டுமில்லையாம். அப்பவும் பிழையெண்டு நினைக்கேல்லை. என்ரை பேரை விட்டிட்டினம் எண்டுதான் நினைச்சனான்."

அவவுடைய போனை வாங்கிப் பார்த்தேன். என்னிடமிருந்து பதினொரு அழைப்பு. அப்பாவின் நம்பரிலிருந்து ஏழு.

"இவ்வளவு தரம் போன் அடிச்சமே அம்மா. அப்பாவின்ரை நம்பரிலயிருந்தும் அடிச்சனாங்கள். காணேல்லையே?"

"கண்டனான்" என்றா அம்மா. "கையிலதான் வைச்சிருந்தனான். எடுத்தா நீயும் அதையே சொல்லிப்போடுவாய் எண்டுதான் எடுக்கேல்லை."