வாய் வைக்காத நாய்க்குட்டி

என் மேசைமேல் ஒரு பீங்கான் நாய்க்குட்டி இருக்கிறது. கண் உண்டு, மூக்கு உண்டு, வாய் இல்லை. விருத்தாசலத்துச் செராமிக் பொம்மைகள் சூளையில் வெந்து வெள்ளையாகக் கூடைகளில் வீட்டுக்கு வரும். பெண்கள் வண்ணம் தீட்டுவார்கள். கடைசிக் கோடு சிவப்பு. இரண்டு முனையும் மேலே வளைந்திருக்கும். என் அக்கா வீட்டில் அதற்கு ‘சிரிப்பு வைக்கிறது’ என்று பேர். நாயானாலும் வாத்தானாலும் சிரித்தே ஆகவேண்டும். சிரிக்காதது கழிவுக் கூடைக்குப் போகும்.

இதைத் தீட்டியவள் அக்கா மகள். ஊரடங்கில் பிளஸ் டூ படித்தவள். பத்தாம் வகுப்பில் மஞ்சள் காமாலையோடு பரீட்சை எழுதி மார்க்கைக் கோட்டைவிட்டிருந்தாள். பிளஸ் டூவில் அதை நேர்செய்துவிட வேண்டும் என்று வெறியோடு படித்தாள். பரீட்சையே இல்லை என்று அறிவித்தார்கள். பழைய மார்க்கையும் சேர்த்துக் கூட்டிப் பாஸ் போட்டார்கள். அந்தக் காமாலை மறுபடி வந்து அவள் மார்க் பட்டியலில் உட்கார்ந்துகொண்டது. அவளுடைய பெரியப்பா, கொரோனா தாடை வழியாகத்தான் நுழையும் என்பதுபோல முகக்கவசத்தைத் தாடைக்கு மாட்டிக்கொண்டு வாசலில் நின்று சொன்னார்: “எழுதாமலே பாஸா? கொரோனாவுக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்தி வைம்மா!” தெருவே சிரித்தது.

அவள் சாப்பாட்டைக் குறைத்தாள். குளிப்பதை விட்டாள். பொம்மைக் கூடையோடு மூலையில் உட்கார்ந்துவிட்டாள். “சோறு இருக்குது, போன் இருக்குது, வூட்டுலயே இருக்கா. இதுக்கு மேல என்னடா கவல இவளுக்கு?” என்றாள் அக்கா போனில். கடைசியில் அவளைச் சிரிக்கவைக்க என்னைக் கூப்பிட்டார்கள். கோயில் திருவிழா மேடைகளில் கரடி வேஷம் கட்டியதைத் தவிர வேறு மருத்துவத் தகுதி எனக்குக் கிடையாது. போனேன், ஆடினேன், முக்காலியிலிருந்து விழுந்தும் காட்டினேன். பாதி நடிப்பு, பாதி நிஜம். இடுப்பு இன்னும் வலிக்கிறது. அவள் சிரித்தாள். ‘சரியாப்போச்சு’ என்று எல்லோரும் எழுந்து போனார்கள்.

“நான் சிரிச்சாத்தான மாமா நீங்கள்லாம் எழுந்து போறீங்க” என்றாள். கையில் இந்த நாய்க்குட்டி இருந்தது. “இதுக்கு மட்டும் வாய் வைக்கல. காலையில ஏன் எழுந்திரிக்கணும்னே தெரியல மாமா.”

நேரே அக்காவிடம் போனேன்.

மனநல டாக்டரிடம் காட்டலாம் என்றேன். “தெருவுக்குத் தெரிஞ்சா நாளைக்கு எவன்டா இவள கட்டுவான்?” என்று அக்கா அழுதாள். ஜெபம் போதும் என்றார் பெரியப்பா. காமாலை வந்தபோது இவர்கள்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஈரல் கெட்டதற்கு எந்த மாப்பிள்ளை வீட்டையும் யாரும் நினைத்துப் பார்க்கவில்லை. மனசு என்றதும் கதவைச் சாத்தினார்கள்.

எனக்கு வந்த கோபத்தில், எனக்குத்தான் பைத்தியம் என்று தெருவில் அறிவித்தேன். “டாக்டர்கிட்ட போறேன், தொணைக்கு அக்கா மக வரா.” மறித்த போலீஸ்காரரிடமும் அதையே சொன்னேன். ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. மரியாதைக்காவது யாராவது ஆச்சரியப்பட்டிருக்கலாம்.

அந்த டாக்டர் அவளிடம் கேள்வி கேட்டார். பதிலையும் தானே சொல்லாமல் காத்திருந்தார். மாத்திரையும் பேச்சுமாக, மெல்ல மெல்ல எழுந்து வந்தாள். ஆனால் அதன்பிறகு எந்த விசேஷத்திலும் பெரியப்பா பந்தியின் நடுவே, “மாத்திர போட்டியா மச்சான்?” என்பார். நானும் பல்லைக் காட்டுவேன். காய்ச்சலில் கிடந்து எழுந்தவள் ஊர் முழுக்கச் சொல்லலாம். இவள் மட்டும் திருடியதுபோல ஒளிக்கவேண்டுமா?

போன மாதம் பெரியப்பா என் வீட்டுக்கு வந்தார். அக்காவும், இப்போது நர்ஸாக வேலை பார்க்கும் அவளும் வந்திருந்தார்கள். அவர் நாய்க்குட்டியை எடுத்துத் திருப்பினார். “இது ஏன் சிரிக்கல? மச்சானாட்டம் இதுக்கும் மண்ட கோளாறா?”

அவள் டீ டம்ளரைக் கீழே வைக்காமலே சொன்னாள்: “மாத்திர போட்டது நான் பெரிப்பா. மாமா இல்ல.”

சமையற்கட்டில் அக்காவின் பாத்திரச் சத்தம் நின்றது. பெரியப்பா என்னைப் பார்த்தார். “வெளையாடுறாளா?”

“அவ வெளையாடலீங்க. அது என் வேல” என்றேன். ஊர் எனக்குக் கொடுத்திருந்த ஒரே பட்டமும் அத்தோடு போயிற்று.

அவள் எழுந்து அவர் கையிலிருந்து நாய்க்குட்டியை வாங்கினாள். “அதுக்குச் சிரிப்பு வரல, சிரிக்கல. அவ்ளோதான் பெரிப்பா” என்று சொல்லி, அவரைப் பார்த்தபடி அதை மேசைமேல் வைத்தாள். கழிவுக் கூடைக்குப் போகாத அந்த முகத்தை அவர் டீ ஆறும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.