மாற்றி வாங்கிய பால் டின்

மகனுக்கு ஆறு மாதம் ஆனதும் நான் வேலைக்குத் திரும்பினேன். வீடு சிதம்பரத்தில், வேலை கடலூரில், ஒரு வக்கீலிடம் டைப்பிஸ்ட். பகலில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டவர் என் கணவரின் அக்கா. அண்ணி என்று கூப்பிடுவேன். தாய்ப்பால் போதாமல் பவுடர் பால் தொடங்கிய வாரமே அவனுக்கு மலம் இறுகிவிட்டது. முகம் சிவக்க முக்குவான். வந்தால் ஆட்டுப் புழுக்கை மாதிரி வரும்; பல நாள் அதுவும் வராது.

ஆபீஸில் அதே கவலையில், கோர்ட்டுக்குப் போகவேண்டிய மனுவில்கூட எழுத்தை விட்டுவிட்டு அடித்தேன். இடையிடையே வாசலுக்குப் போய் வீட்டுக்கு போன் செய்வேன்.

"அண்ணி, போனானா?"

"போவலம்மா. வெத்தலக் காம்ப வெளக்கெண்ணெயில தொட்டு பின்னால வெச்சுடட்டுமா? எங்களுக்கெல்லாம் அப்புடித்தான் வெப்பாங்க."

"வேணாம் அண்ணி. டாக்டர்கிட்ட கேட்டுக்கலாம்."

அண்ணி சட்டென்று போனை வைத்துவிட்டார்.

சனிக்கிழமை டாக்டரிடம் அண்ணியையும் அழைத்துக்கொண்டுதான் போனேன். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு வேறு டின் எழுதிக் கொடுத்தார்.

"இதுல ப்ரீபயாடிக் சேத்திருக்காங்க. கொழந்தைக்கு ஜீரணமாவாத ஒரு வகை நார்ச்சத்து. கொடல்ல இருக்குற நல்ல கிருமிங்க அதத் தின்னு வளரும். மலம் கொஞ்சம் எளகும். ஆனா இது மருந்து இல்ல, ஒடனே எதிர்பாக்காதீங்க. காய்கறி மசிச்சுக் குடுக்கவும், நடுநடுவுல கொஞ்சம் தண்ணி குடுக்கவும் ஆரம்பிங்க."

காம்பைப் பற்றி அண்ணியே கேட்டார்.

"வேணாங்க. உள்ள கீறிடும்."

புது டின் தொடங்கியதும் வாயுதான் அதிகமானது. காலை மடக்கி மடக்கி அழுதான். "பழைய டின்னே தேவலாம்" என்றார் அண்ணி. எனக்கும் அப்படித்தான் தோன்றியது. காலை பஸ்ஸில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் இறங்கித் திரும்பிவிடலாமா என்றிருக்கும்.

ஒரு நாள் பஸ் புதுச்சத்திரம் தாண்டும்போது போன் அடித்தது. அண்ணி கத்தினார்: "போயிட்டாம்மா! மெத்துனு, மஞ்சளா! இப்ப சிரிக்கிறான் பாரு!"

"அழுவாம போனானா?" என்று நானும் கத்தினேன். முன் சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

அடுத்த முறை டாக்டரிடம், டின்னால்தானா என்று கேட்டேன். "இருக்கலாம். காய்கறியும் தண்ணியும் இப்பதான சேத்தீங்க. எதுன்னு உறுதியா சொல்ல முடியாது" என்றார்.

அண்ணி அதை ஒத்துக்கொள்ளவில்லை. தெருவில் கைக்குழந்தைக்காரிகளிடமெல்லாம் அந்த டின்னைத்தான் சிபாரிசு செய்தார். நான் வாதாடவில்லை. மாற்றினால் மறுபடி இறுகிவிடுமோ என்ற பயத்தில், அவன் ஒரு வயது தாண்டும்வரை அதையே தேடித் தேடி வாங்கினேன்.