‘நாளைக்கு முடிச்சிருவோம் டீச்சர்’: சாகுல் சார் நினைவாக

வியாழக்கிழமை காலை ஏழே முக்காலுக்கு எங்கள் பாலிடெக்னிக் ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. சிவில் துறையில் நில அளவைப் பாடம் நடத்தி, போன வருடம் ஓய்வு பெற்ற சாகுல் ஹமீது சார் விடியற்காலையில் மாரடைப்பால் காலமானார். அன்று மாலையே, அஸர் தொழுகைக்குப் பிறகு, அடக்கம்.

செய்தியைப் படித்ததும் கண்ணீர் பெருகியது என்று எழுதுவதுதான் வழக்கம். எனக்கு வந்தது கோபம். அவர் மேல்தான் கோபம் என்று அப்போது நினைத்தேன். மதுரைக்குப் போய் இருதயத்தைப் பரிசோதித்துக்கொண்டு வாருங்கள் என்று காரைக்குடி டாக்டர் சொல்லி மூன்று மாதம் ஆகியிருந்தது. முப்பது வருடப் பணியில் ஒரு காரியத்தையும் குறித்த நாளில் முடிக்காத மனிதரை, சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம்கூடப் பிந்தாமல் எடுத்துப் போனார்கள்.

இதை நான்காம் நாளே எழுதிவிடுகிறேன். ஆற அமர எழுதலாம் என்று வைத்தால் நானும் எழுதமாட்டேன். அந்த வியாதி ஒட்டுவாரொட்டி.

நான் கணக்கு ஆசிரியை. வேலைக்குச் சேர்ந்த அன்று ஆசிரியர் அறையில் காலியாக இருந்தது அவருக்கு எதிர்மேசை மட்டும்தான். ஏன் காலியாக இருந்தது என்பது ஒரு வாரத்தில் புரிந்தது. திருத்தாத ரெக்கார்டு நோட்டுகள் அவர் மேசையிலிருந்து வழிந்து என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. வருகிறவர்கள் உட்காரப் போட்ட நாற்காலியில் சுருட்டிய வரைபடங்கள் உட்கார்ந்திருந்தன. அவருடைய மதிப்பெண் பட்டியல் வராமல் என் பட்டியலும் போகாது. கேட்டால், முகம் மலர, “நாளைக்கு முடிச்சிருவோம் டீச்சர்” என்பார். என்னையும் கூட்டில் சேர்த்துக்கொள்வதுதான் எரிச்சலாக இருக்கும்.

சோம்பேறி என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். காலை ஆறரைக்கே மைதானத்தில் மட்டம் பார்க்கும் கருவியை நிறுத்தி, மாணவர்களுக்காகக் காத்திருப்பார். ஒரு மாணவன் கருவியில் கண்ணை வைத்துத் திணறினால், வெயிலில் அரைமணி நேரம் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பார். ஆனால் மதிப்பெண் பட்டியல் தரவேண்டிய நாள் வந்தால், அன்றைக்குத்தான் துறையிலுள்ள லென்ஸ்களையெல்லாம் துடைப்பார். ஒரு முறை, பட்டியலுக்கான கடைசி நாளில், யாரிடமோ எப்போதோ இரவல் வாங்கிய குடையைத் திருப்பிக் கொடுப்பதற்காகக் குன்றக்குடி வரைக்கும் போய்விட்டார். முதல்வர் என்னைக் கூப்பிட்டுக் கத்தினார். நான் ஏன் திட்டு வாங்கினேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

இப்படியே பதினொரு வருடம் ஓடியது. பிறகு எங்கள் ஊருணி விவகாரம் வந்தது.

எங்கள் தெருக்கோடியில் ஒரு ஊருணி உண்டு. அதற்கு மழைத்தண்ணீரைக் கொண்டுவரும் வரத்துக்கால், வீடு இடித்த மண்ணைக் கொட்டிக் கொட்டித் தூர்ந்துபோயிருந்தது. எங்கே எவ்வளவு மேடு, எவ்வளவு பள்ளம் என்று அளந்து ஒரு வரைபடம் கொடுத்தால், மழைக்கு முன்னால் வெட்டித் தருவதாக நகராட்சி அலுவலகத்தில் சொன்னார்கள். ஆவணிக்குள் வராவிட்டால் அடுத்த வருடம்தான். சாகுல் சாரிடம் கேட்டேன். குதூகலமாக வந்தார். சித்திரை வெயிலில் இரண்டு சனிக்கிழமை நான் அளவுகோலைப் பிடித்து நிற்க, அவர் ஒவ்வொரு இடமாகப் பார்த்துக் குறித்துக்கொண்டார். இரண்டே நாளில் அளவு முடிந்தது.

வரைபடம் மட்டும் வரவில்லை. வைகாசி போனது, ஆனி போனது, ஆடியும் போனது. தெருவில் என்னைப் பார்க்கிறவர்களெல்லாம் “என்ன டீச்சர், படம் என்னாச்சு?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஆவணி பிறந்ததும் ஆசிரியர் அறையில் நான் வெடித்துவிட்டேன்.

“என்ன சார் வெளையாடுறீகளா? ரெண்டு நாள்ல அளந்ததுக்கு நாலு மாசமாப் படம் போடுறீக!”

“ஒரு எடத்துல ஒரு சென்டிமீட்டர் ஒதைக்குது டீச்சர். இன்னொரு தடவ அளந்து பாத்துட்டாத் தேவல.”

“அந்த ஒரு சென்டிமீட்டர்ல யாரு சார் முங்கிச் சாகப்போறா?”

அவர் முகம் மாறியது. பதினொரு வருடத்தில் ஒரு முறையும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். இருபத்து மூன்று வயதில், வேறொரு ஊரில் ஒரு கான்ட்ராக்டரிடம் வேலை பார்த்தபோது, சாக்கடை ஒன்றுக்கு மட்டம் குறித்துக் கொடுத்திருக்கிறார். தப்பாகப் போய்விட்டது. முதல் மழையில் தண்ணீர் திரும்பி, தையல் வேலை செய்து பிழைத்த ஒரு பெண்மணியின் வீட்டுக்குள் நுழைந்து, ஊராரின் துணியெல்லாம் நாசம். நாள் முழுக்க இவர் வாளி வைத்து இறைத்திருக்கிறார்.

“அந்தம்மா என்னய ஒரு வார்த்த வையல டீச்சர். சாயங்காலம் டீத்தண்ணி போட்டுக் குடுத்துச்சு. அதத்தான் இன்னிக்கு வரைக்கும் தாங்க முடியல. கையெழுத்துப் போட்டு ஒண்ண வெளிய விடணும்னாலே கை நின்னுபோகுது.”

மதிப்பெண் பட்டியல், ரெக்கார்டு நோட்டு, குன்றக்குடிக் குடை எல்லாம் எனக்கு அப்போதுதான் விளங்கின. வேலைக்குப் பயந்தவரல்லர் அவர். வேலை முடிந்து, அதில் ஒரு தப்பு வெளியே தெரியும் அந்த நிமிடத்துக்குப் பயந்தவர். முடிக்காத வேலையில் தப்பு இருக்க முடியாதல்லவா! அவருக்காக மனம் கசிந்தது உண்மைதான். ஆனால் காரணம் விளங்கிவிட்டால் வரத்துக்கால் வெட்டுப்பட்டுவிடாது. எனக்குப் பொறுமையும் கிடையாது.

“சரி சார். ஆபீசுக்கெல்லாம் வேணாம். கிழிச்சுப் போடுறதுக்குன்னு ஒண்ணு போடுங்க. தப்பாவே போடுங்க. நான் இங்குட்டுத்தான் உக்காந்து நோட்டுத் திருத்துவேன். அஞ்சு மணி வரைக்கும் ரெண்டு பேரும் எந்திரிக்கக் கூடாது.”

பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் பென்சிலால் போட ஆரம்பித்தார். இரண்டு தடவை எழப் பார்த்தார். முறைத்தேன், உட்கார்ந்தார். ஐம்பது நிமிடத்தில் படம் முடிந்தது. நாலு மாதம் எங்களை அலைக்கழித்தது இந்த ஐம்பது நிமிட வேலைதான். என் தேங்கிய நோட்டுகளும் அன்றைக்குத் தீர்ந்தன என்பதை அவரிடம் நான் சொல்லவில்லை.

அதைக் கிழிக்கவும் இல்லை. மறுநாள் காலை நேரே அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தெரிந்ததும், “என்னய ஏமாத்திப்புட்டீக டீச்சர்” என்றார். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை. அவர் செய்தது நியாயம்தான். நம்பி வரைந்தவரை ஏமாற்றியது தப்பு. அதற்காக வருத்தப்பட்டேன், வரத்துக்கால் வெட்டுப்பட்டதற்குச் சந்தோஷமும் பட்டேன்.

ஐப்பசியில் முதல் பெருமழை பெய்தது. சொல்லி வைத்தாற்போல் ஸ்கூட்டரில் மண்வெட்டியோடு வந்து நின்றார். தண்ணீர் ஓடி வந்தது. ஒரு வளைவில், அவர் பயந்த அதே இடத்தில், தேங்கி நின்று பக்கத்து மாட்டுக்கொட்டகைப் பக்கம் திரும்பப் பார்த்தது. அவர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, தரையை நாலு இடத்தில் வெட்டிவிட்டார். பத்து நிமிடம் ஆகியிருக்காது. தண்ணீர் ஒரு கணம் தயங்கிவிட்டு ஊருணிப் பக்கம் போனது. சேறும் சகதியுமாக நிமிர்ந்து என்னைப் பார்த்து, “இம்புட்டுத்தானா டீச்சர்?” என்றார். இத்தனை வருடமாக இதற்கா பயந்தோம் என்று கேட்கிற மாதிரி இருந்தது அந்தக் குரல்.

அதற்குப் பிறகு சினிமாவில் வருவதுபோல் ஒரே நாளில் மாறிவிடவில்லை. எதைக் கொடுத்தாலும் மேலே சிவப்பு மையில் ‘வரைவு’ என்று எழுதிக் கொடுக்க ஆரம்பித்தார். “மார்க் லிஸ்ட்ல என்ன சார் வரைவு?” என்று முதல்வர் தலையில் அடித்துக்கொண்டார். “அப்படி எழுதுனாத்தான் சார் எனக்கு வருது” என்றார் இவர். மாணவர்களிடம், “மொதல்ல தப்பா ஒண்ணு போடுப்பா, திருத்திக்கிடலாம்” என்பார். கடினமான வேலை என்றால், “டீச்சர், இங்குட்டுச் செத்த உக்காருங்க” என்று கூப்பிடுவார். எதிரில் ஓர் ஆள் இருந்தால் போதும், வேலை நடந்துவிடும். அப்படியும் பாதி நாள் தாமதம்தான். ஆனால் வந்து சேர்ந்துவிடும்.

ஓய்வு பெற்றதும் எதிர்மேசை போய்விட்டது. மாசியில் நெஞ்சு வலித்து டாக்டரைப் பார்த்தார். மதுரைக்குப் போக முதலில் நோன்பு குறுக்கே வந்தது. பிறகு மகளின் பிரசவம். பிறகு வெயில். வாராவாரம் போன் போட்டுத் திட்டினேன். “இதுல வரைவுகிரைவு எல்லாம் கெடையாது சார், பாத்துக்கிடுங்க” என்றுகூடச் சொன்னேன்.

இறப்பதற்குப் பத்து நாள் முன்பு அவரே கூப்பிட்டார். யாரும் சொல்லாமல் தானே மதுரை ஆஸ்பத்திரியில் நேரம் வாங்கிவிட்டாராம், அந்தச் சனிக்கிழமைக்கு.

“நீங்களும் கூட வந்தீகன்னா உள்ள போயிருவேன் டீச்சர். வீட்டுல மும்தாஜ் சொன்னா நான் கேக்க மாட்டேன். வாசல்லயே டீயக் குடிச்சுட்டுத் திரும்பிருவேன்.”

நான் சொன்ன பதில் இதுதான்: “இந்தச் சனிக்கிழம வேணாம் சார். எனக்குப் பரீட்சைப் பேப்பர் திருத்துற வேல இருக்கு. அடுத்த சனிக்கிழம போயிருவோம்.”

“அதுவும் சரிதான்” என்றார். குரலில் அவ்வளவு நிம்மதி.

விடைத்தாள் இருந்தது பொய்யில்லை. ஒரு நாள் விடுப்பு கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். மதுரை வரைக்கும் பஸ், அங்கே வரிசை, மருந்து வாசனை, சாயங்காலம் வரை காத்திருப்பு என்று நினைத்ததும் அலுப்பாக இருந்தது. உண்மை அவ்வளவுதான். ஊரையெல்லாம் அதட்டி வேலை வாங்குகிற நான், அந்த அலுப்புக்கு விடைத்தாள் என்று பெயர் வைத்துத் தள்ளிப்போட்டேன்.

வியாழன் பிற்பகல் அவர் வீட்டில், பெண்கள் இருந்த அறையில், அவர் மனைவி மும்தாஜின் கையைப் பிடித்துக்கொண்டு இதைச் சொன்னேன். என்னை வைவார் என்று எதிர்பார்த்தேன். வைதிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“விடுங்க டீச்சர். அவுக கோவிச்சுக்கிடவே இல்ல. ‘பாத்தியா, டீச்சருக்கே நம்ம வியாதி வந்துருச்சு’ன்னு ரெண்டு நாளாச் சிரிச்சுக்கிட்டே திரிஞ்சாக.”

எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, சாவு வீட்டில். பிறகு அழுகையை நிறுத்த முடியவில்லை. வெளியே ஆண்கள் அவர் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் தூக்கித் தெருவில் இறங்கினார்கள். சன்னல் வழியாகத் தெரிந்தவரைக்கும் பார்த்தேன்.

நேற்றுதான் அந்த அடுத்த சனிக்கிழமை. விடைத்தாளெல்லாம் வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. ஐந்தரைக்கு எழுந்து குளித்து, சேலை மாற்றி, தண்ணீர் பாட்டிலைப் பையில் வைத்து, செருப்பை மாட்டிய பிறகுதான் போகிற இடம் இல்லை என்பது உறைத்தது. பையோடு வெகுநேரம் வாசலில் நின்றேன்.

போய் வாருங்கள், சார். இந்தத் தடவை தாமதம் என்னுடையது.