சுகிர்தாவின் கை

கையுறை மாட்டாமல் யாரும் உள்ளே போகக்கூடாது, முதலாளியே ஆனாலும். வாலாஜாபாத்தைத் தாண்டி இருக்கும் அந்த ஆய்வுக்கூடத்தில் சுகிர்தாவுக்கு மிகவும் பிடித்த சட்டம் அதுதான். உத்திரமேரூர் பக்கத்துக் காலனிப் பெண் அவள். அம்மா பரிமளா நாற்று நடப் போகும் வீட்டில் இன்றைக்கும் சொம்பைத் தொடவிட மாட்டார்கள். மேலிருந்து தண்ணீரை ஊற்றுவார்கள், குனிந்து கையில் ஏந்திக் குடிக்க வேண்டும். என்ன கொழுப்பு பாருங்கள்! இங்கேயாவது எல்லார் கையும் ஒன்று என்று நம்பித்தான் எம்.எஸ்சி. முடித்த அந்தப் பெண் தினமும் பஸ் ஏறினாள்.

பாக்டீரியாவுக்குள் வேறொரு மரபணுவைச் செருகி, அதன் மூலம் ஒரு நொதியைத் தயாரிப்பது அவள் வேலை. செல்லுக்குள் செய்தி கொண்டுபோகும் ஆர்.என்.ஏ., வேலை முடிந்ததும் எப்படிச் சிதைகிறது என்று ஆராய்பவர்கள் அந்த நொதியை வாங்குகிறார்கள். அது ஆர்.என்.ஏ.வின் நுனியை மட்டும்தான் சீவ வேண்டும். நம் தோலிலும் வியர்வையிலும் இருக்கிற இன்னொரு நொதிக்கு அந்த நாசூக்கெல்லாம் கிடையாது. பட்டால் ஆர்.என்.ஏ. மொத்தமும் கந்தல்தான். கையுறை அதற்காகத்தான்.

போன மாதம் ஒரு குப்பி நொதியைச் சோதித்தபோது ஆர்.என்.ஏ. அப்படித்தான் கந்தலானது. யாரோ வெறுங்கையால் தொட்டிருக்கிறார்கள். மேனேஜர் புருஷோத்தமன் யாரையும் விசாரிக்கவில்லை. நேராகச் சுகிர்தாவிடம் வந்தார்.

“ஒங்கம்மா சேத்துல கை வெக்கிறவங்க. ஒனக்கு எங்க தெரியப்போவுது கை சுத்தம்னா இன்னான்னு? நாளையிலேருந்து வராத.”

எனக்கு இதை எழுதும்போதே பற்றிக்கொண்டு வருகிறது. சுகிர்தா அழவில்லை. கையுறையைக் கழற்றி மேசையில் போட்டாள்.

“எங்கையில மட்டுந்தான் வேர்க்குதா சார்? எல்லார் கையயும் டெஸ்ட் பண்ணுங்க. ஒங்களுதயும்.”

கூட வேலை செய்யும் இந்து முதலில் விரலை நீட்டினாள். எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்ததால் மேனேஜரும் நீட்டவேண்டியதாயிற்று. மூவரும் விரல் நனைத்த நீரைத் தனித்தனியே ஆர்.என்.ஏ.வில் கலந்தார்கள். மூன்றும் ஒரே மாதிரி கந்தலாயின.

அப்போதுதான் இந்து வாயைத் திறந்தாள். “நேத்து விருந்தாளிங்களுக்குக் காட்டறேன்னு அந்தக் குப்பிய வெறுங்கையில எடுத்தது நீங்கதான சார்?”

புருஷோத்தமனின் முகம் கறுத்தது. “சரி, சரி. போயி வேலையப் பாரு.”

சுகிர்தா நகரவில்லை. பாக்டீரியா வளர்ந்து, நொதியைப் பிரித்தெடுக்க ஆளில்லாமல் காத்துக்கிடந்தது. கையுறையை அவள் தொடவே இல்லை. சோதனைக்காக மறுபடி மாட்டியிருந்த தன்னுடையதை இந்துவும் கழற்றினாள்.

“சாரி,” என்றார் அவர், சுவரைப் பார்த்து.

“தமிழ்ல சொல்லுங்க சார். எங்கம்மாவப் பேசறப்ப தமிழ்லதான பேசினீங்க?”

சொல்லித் தொலைத்தார்.